நானுஓயாப் பக்கத்தில் சிறிய பால் தொழிலகம்: சுற்றாடல் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன்

உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், தோட்ட எல்லையை ஒட்டி மாமாவின் பெயரில் 30 பேர்ச் காணி இருப்பதாகவும், அதிலுள்ள பழைய மரக்கறிக் களஞ்சியத்தைத் திருத்தி நாளொன்றுக்கு 500 லீற்றர் பால் வாங்கி யோகட்டும் பனீரும் செய்ய எண்ணியிருப்பதாகவும், வங்கிக்காரர் கடன் தருமுன் ‘ஈ.பீ.எல்’ எனப்படும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தைப் பிரதேச சபையில் கொடுப்பதா, மத்திய சுற்றாடல் அதிகாரசபையில் கொடுப்பதா, எத்தனை நாளில் கிடைக்கும், யாரைப் பிடிக்க வேண்டும் என்பவை நீங்கள் கேட்டவை. கடைசியில், “கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிறு ஓடை போகிறது, அதற்குக் கீழே தோட்டத் தொழிலாளர் லயம் இருக்கிறது, அது ஒரு பிரச்சினையாகுமா?” என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வியாகப் படுகிறது. எந்த அலுவலகம், எத்தனை நாள் என்பதெல்லாம் அந்த வரிக்கு நீங்கள் தேடும் பதிலைப் பொறுத்துத்தான் அமையும்.

நான் பல ஆண்டுகள் மலையகத்தில் தொழிலகப் பரிசோதனைகளில் ஈடுபட்டவன். ஓய்வுக்குப் பின் சிறு உற்பத்தியாளர்களுக்கு விண்ணப்பங்களும் கழிவுநீர்த் திட்டங்களும் தயாரிக்க உதவி வருகிறேன். சட்டத்தரணி அல்ல. உங்கள் காணியைப் பார்த்ததுமில்லை. ஆகவே சட்டத்தில் எழுதியிருப்பதை உறுதியாகவும், அனுபவத்தில் கண்டதை அனுபவம் என்றும், இடத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்பதை அவ்வாறே பிரித்தும் எழுதுகிறேன்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடலாம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோதுதான் இந்த உரிமம் சட்டத்துக்குள் வந்தது. அதன் 23அ பிரிவு சொல்வது சுருக்கமானது: விதிக்கப்பட்ட ஒரு தொழிலை நடத்துவோர் எவரும் உரிமம் இல்லாமல் கழிவைச் சுற்றாடலுக்குள் விடவோ, கொட்டவோ, வெளியேற்றவோ கூடாது. சட்டம் உங்கள் யோகட்டின் தரத்தைக் கேட்கவில்லை. அதைப் பார்க்க 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ ஐயாவும் இருக்கிறார்கள். உங்கள் வேலி எல்லையைத் தாண்டி எது, எவ்வளவு, எந்த வழியாக வெளியே போகிறது என்பதே இங்கு கேட்கப்படுவது. இதைப் புரிந்துகொள்ளாமல் விண்ணப்பத்தை நிரப்புவோர் இயந்திரங்களின் பெயரை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, கழிவுநீர் என்ற இடத்தில் ‘வடிகான் வழியாக அகற்றப்படும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எந்த வடிகான், அது எங்கே போய் விழுகிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

எந்த அலுவலகம் என்பதற்கு வருகிறேன். 2008 ஜனவரி 25 ஆம் திகதிய 1533/16 இலக்க அதிவிசேட வர்த்தமானி தொழில்களை மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. மாசு கூடுதலாக உண்டாக்கும் ‘அ’ வகுப்பில் 80, நடுத்தரமான ‘ஆ’ வகுப்பில் 33, குறைவான ‘இ’ வகுப்பில் 25 தொழில்கள் இடம்பெற்றன. முதல் இரண்டுக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை உரிமம் வழங்கியது; மூன்றாவது வகுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ‘அ’ வகுப்பு உரிமம் ஓராண்டுக்கும் மற்றவை மூன்றாண்டுக்கும் செல்லுபடியாகும் என்பதே அப்போதைய ஒழுங்கு. நம் பக்கத்துச் சாதாரண தேயிலைத் தொழிற்சாலைகள் அப்பட்டியலில் நடுத்தர வகுப்பில் இருந்தன. இப்பட்டியல் 2022 இல் மீண்டும் திருத்தப்பட்டிருப்பதால், பத்தாண்டுக்கு முன் உரிமம் எடுத்த உறவினரின் கோப்பைப் பார்த்து உங்கள் வகுப்பைத் தீர்மானிக்காதீர்கள். நடப்பிலுள்ள பட்டியலை அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் காட்டச் சொல்லி, உங்கள் தொழிலுக்குரிய வரியை அவர்களையே சுட்டச் சொல்லுங்கள். பிரதேச சபைக்குரிய தொழில் என்றால் அங்கும் ஒரு சிக்கல் வரலாம். 2018 தேர்தலுக்கு முன் நுவரெலியாப் பிரதேச சபை, அம்பகமுவப் பிரதேச சபை என்று இருந்தவை பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகள் உருவாகின. பழைய வரிச் சீட்டில் உள்ள சபையின் பெயர் இன்று உங்கள் சபையாக இல்லாமலும் போகலாம். கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

உணவுத் தொழில்களில் வகுப்பைத் தீர்மானிக்கும் அளவுகோல்களில் ஒன்று வேலையாட்களின் எண்ணிக்கை. இதனால் ‘நாலு பேர்தான் வேலை செய்கிறார்கள்’ என்று எழுதிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும்; அக்காவும் மச்சானும் வீட்டாள் என்பதால் கணக்கில் சேர மாட்டார்கள் என்ற நினைப்பும் வரும். அப்படிச் செய்ய வேண்டாம் என்பது என் ஆலோசனை. பரிசோதனைக்கு வருபவர் ஆட்களை எண்ணுவதற்கு முன்னரே பாலின் அளவைப் பார்த்துவிடுவார். 500 லீற்றர் பாலை எத்தனை பேர் கையாள வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தவறான விவரத்தின் மேல் பெற்ற உரிமம், கீழ்ப் பக்கத்திலிருந்து முதல் முறைப்பாடு வந்த அன்றே உங்களைக் கைவிட்டுவிடும்.

ஒழுங்கு வரிசையில்தான் மிகப் பலர் தவறுகிறார்கள். உரிமம் என்பது தொழிலை நடத்துவதற்கானது. கட்டடம் கட்டுவதற்கான அனுமதி வேறு, அந்த இடம் அந்தத் தொழிலுக்குப் பொருத்தமானதா என்ற சிபாரிசும் வேறு. புதிய தொழில் என்றால், கட்டடத்தில் கை வைக்குமுன் அதிகாரசபையிடம் இடத்துக்கான சிபாரிசைக் கேட்பதுதான் முறை. அதற்கு அடிப்படைத் தகவல்களைக் கேட்கும் வினாக்கொத்து ஒன்று தருவார்கள். அது சரிவந்தபின் கட்டட வரைபட அனுமதி, அதன்பின் கட்டுமானம், கழிவுநீர்த் தொகுதி, உற்பத்தி தொடங்குமுன் உரிமம் என்று போக வேண்டும். நீங்கள் களஞ்சியத்துக்கு ஏற்கனவே தரை ஓடு பதிக்க ஆள் பேசியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்தி வையுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பால் தொழிலகத்தை நான் பரிசோதிக்கப் போனபோது கட்டடம் பளிச்சென்று முடிந்திருந்தது. சுவர் முழுக்க வெள்ளை ஓடு, துருப்பிடிக்காத உருக்குத் தாங்கிகள், ஜப்பானிலிருந்து வந்த குளிரூட்டி. கழிவுநீர்த் தாங்கி எங்கே கட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். உரிமையாளர் என்னைக் காணியின் கீழ்க் கோடிக்குக் கூட்டிப்போய் வேலிக்கு அப்பால் கையைக் காட்டினார். தண்ணீர் தானாக இறங்கிச் சேரக்கூடிய ஒரே மூலையை, கட்டடச் செலவுக்காக முந்திய வருடம் தம்பிக்கு விற்றுவிட்டிருந்தார். மேட்டுக்குத் தண்ணீரை இறைக்கும் பம்பும், அதற்கு மின்கட்டணமும், பம்பு பழுதான நாட்களில் வழிந்த கழிவும் அந்தத் தொழிலை மூன்று வருடம் அலைக்கழித்தன. ஆகவே உங்கள் 30 பேர்ச்சில் மிகத் தாழ்ந்த மூலை எதுவோ, அதைக் கழிவுநீருக்கென்று முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் தொழிலை வரையுங்கள்.

காணி பற்றி ஒரு வார்த்தை. மாமாவின் பெயரில் என்றால் காணி உறுதிப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, நில அளவைப் படத்தில் ஓடைக்கான ஒதுக்கம் எங்கே முடிகிறது என்ற இரண்டையும் பாருங்கள். தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போன பின்னும் நிலம் அரசுடையதாகவே இருக்கிறது, கம்பனிகள் குத்தகைக்காரர்கள். களஞ்சியத்தின் ஒரு பகுதியோ வரும் பாதையோ தோட்டத்துக்குள் இருந்தால், “தோட்டத் துரை சரி சொல்லிவிட்டார்” என்பது எந்த மேசையிலும் எடுபடாது. எழுத்திலான இசைவு வேண்டும். எங்கள் மக்களுக்குப் பரம்பரை பரம்பரையாகக் காணி உறுதி இல்லாமல் போனதன் வலி, இப்படி ஒரு தொழிலைத் தொடங்கும்போதுதான் இன்னொரு முறை தெரியும். அதைச் சீர்செய்வது இந்த விண்ணப்பத்தின் கையில் இல்லை.

இப்போது ஓடைக்கு வருவோம். பால் ஒரு கழிவு என்று யாரும் நினைப்பதில்லை. வெள்ளையாக, சுத்தமாக, குழந்தைக்குக் கொடுப்பதாக இருக்கிறது. ஆனால் ஓடையில் உள்ள நுண்ணுயிர்களுக்கும் அது விருந்துதான். அவை அதை உண்டு பெருகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன. பின் அந்தத் தண்ணீர் கறுத்து நாறுகிறது. இந்த ஒட்சிசன் செலவை அளப்பதுதான் உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி, அலுவலகங்களில் ‘பீ.ஓ.டி’ என்று சொல்லப்படுவது. ஒரு லீற்றர் முழுப்பாலுக்கு அது ஏறத்தாழ 1 இலட்சம் மில்லிகிராம், அதாவது 100 கிராம். ஒரு மனிதர் ஒரு நாளில் கழிவாக விடும் அளவு சுமார் 50 கிராம். நீங்கள் வாங்கும் 500 லீற்றரில் நூற்றுக்கு ஒன்று, வெறும் 5 லீற்றர், பால் கான் கழுவும்போதும் தாங்கி அலம்பும்போதும் தரையில் போனாலே அது பத்துப் பேரின் கழிவுக்குச் சமம். பனீர் இதைவிடக் கடுமையானது. 200 லீற்றர் பாலைப் பனீராக்கினால் பிழிந்த தண்ணீர் சுமார் 160 லீற்றர் மிஞ்சும். அதன் ஒவ்வொரு லீற்றருக்கும் 30 முதல் 50 கிராம் வரை பீ.ஓ.டி உண்டு. 35 கிராம் என்று வைத்தாலும் 5,600 கிராம், அதாவது நூறு பேருக்கு மேல். ஒரு லயத்தில் குடியிருக்கும் அத்தனை பேரின் கழிவையும் தினமும் அந்தச் சிறு ஓடையில் விடுவதற்கு இது ஒப்பானது. அந்த லயம் உங்களுக்குக் கீழேதான் இருக்கிறது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

2008 பெப்ரவரி 1 ஆம் திகதிய 1534/18 இலக்க வர்த்தமானி, உள்நாட்டு நீர்நிலைகளுக்குள் விடும் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு எல்லை விதிக்கிறது. பீ.ஓ.டி லீற்றருக்கு 30 மில்லிகிராம், இரசாயன ஒட்சிசன் கேள்வி 250, நீரில் தொங்கும் திண்மங்கள் 50, எண்ணெயும் கொழுப்பும் 10, பீ.எச் பெறுமானம் 6.0 முதல் 8.5 வரை. இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். அடியில் இருக்கும் ஒரு குறிப்பைத்தான் பலர் வாசிப்பதில்லை: கழிவுநீரின் அளவைப்போல் எட்டு மடங்கு அளவு சுத்தமான தண்ணீர் அந்த நீர்நிலையில் இருக்கிறது என்ற எடுகோளில்தான் இந்த எல்லைகள் தரப்பட்டிருக்கின்றன. அது குறைந்தால் எல்லையும் அதே விகிதத்தில் இறுகும். ஓடையில் நாலு மடங்குத் தண்ணீர்தான் ஓடுகிறது என்றால் உங்களுக்கு 30 இல்லை, 15. மகாவலியில் விடுபவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மலையிடுக்கில் ஓடும் நம் ஓடைகளுக்கு இதுதான் தலையெழுத்து. ஜூலையில் சத்தம் போட்டு ஓடுவது பெப்ரவரியில் கல்லுக்குக் கல் தாவிச் சொட்டிக்கொண்டிருக்கும்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். கழுவுதல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 2,000 லீற்றர் கழிவுநீர் வரும் என்று வையுங்கள். அதை ஆறு மணித்தியால வேலை நேரத்துக்குள் அப்படியே விட்டால், எட்டு மடங்குக்கு ஓடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 44 லீற்றர் ஓட வேண்டும். 20 லீற்றர் வாளி ஒன்று அரை நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும் என்று பொருள். அதே கழிவுநீரைச் சமப்படுத்தும் தாங்கி ஒன்றில் சேர்த்து, சுத்திகரித்து, 24 மணித்தியாலமும் சிறிது சிறிதாக விட்டால் நிமிடத்துக்கு 11 லீற்றர் போதும். வாளி நிரம்ப ஒன்றே முக்கால் நிமிடம் வரை எடுக்கலாம். ஒரு தாங்கி கட்டுவதால் ஓடையின் தேவை நாலில் ஒன்றாகக் குறைகிறது. வரட்சி மாதத்தில், தண்ணீர் ஒடுங்கி விழும் ஓர் இடத்தில் வாளியைப் பிடித்துப் பாருங்கள். அதுவும் நிரம்பாவிட்டால் ஓடையை மறந்துவிட்டு வேறு வழி யோசிக்க வேண்டும்.

பனீர் பிழிந்த தண்ணீரைச் சுத்திகரிக்க முயலவே வேண்டாம் என்பது என் கருத்து. அது தொகுதிக்குள் போனால் தொகுதியின் அளவு மும்மடங்காக வேண்டியிருக்கும். போகாவிட்டால் மிகச் சாதாரணத் தொகுதியே போதும். பன்றி வளர்ப்போரும் மாடு வளர்ப்போரும் அதை விரும்பி வாங்குவார்கள். ஆனால் அன்றன்றே எடுக்க வேண்டும். ஒரு நாள் கிடந்தால் புளித்து மிருகமும் தொடாது. யார் எடுக்கிறார், எந்தப் பாத்திரத்தில், எத்தனை மணிக்கு, அவர் வராத நாளில் என்ன செய்வீர்கள் என்று எழுதி, எடுப்பவரின் கடிதத்தோடு விண்ணப்பத்தில் இணையுங்கள். பரிசோதகர்கள் கேட்கும் முதல் கேள்வி அந்த ‘வராத நாள்’ பற்றித்தான் இருக்கும். பால் கான்களைக் கழுவுமுன் வடியவிட்டு ஒட்டியிருப்பதைச் சேகரிப்பது, முதல் அலம்பல் தண்ணீரைத் தனியே பிடித்து அதையும் தீவனத்துக்குக் கொடுப்பது போன்றவற்றுக்குச் செலவே இல்லை. ஆனால் எந்தத் தாங்கியையும்விடக் கூடுதலான பலன் தருவது அவைதான்.

மிச்சக் கழிவுநீருக்கு வலைச் சல்லடை, கொழுப்புப் பிடிக்கும் தொட்டி, சமப்படுத்தும் தாங்கி, காற்றில்லாச் செரிமானத் தாங்கி, அதன்பின் காற்றூட்டலோ சரளைப் படுக்கையோ என்ற வரிசை வழக்கமானது. ஓர் எச்சரிக்கை: கொழும்பிலிருந்து வரைபடம் வாங்கி வருபவர்கள் வெப்பநிலையை மறந்துவிடுகிறார்கள். காற்றில்லாச் செரிமானம் செய்யும் நுண்ணுயிர்கள் 35 பாகை செல்சியசில் துள்ளி வேலை செய்பவை. 20 க்குக் கீழே மந்தமாகிவிடும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 16 பாகை. அங்கே இரண்டு நாள் தங்கிச் சுத்தமாகும் தண்ணீர் இங்கே நாலைந்து நாள் தங்க வேண்டியிருக்கும். தாங்கியும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். எரிசோடாவும் அமிலமும் போட்டுக் கழுவும் தண்ணீரை நேரே உள்ளே விட்டால் அந்த மந்தமான நுண்ணுயிர்களும் செத்துப்போகும்; இரண்டையும் ஒரு தொட்டியில் கலந்து, பீ.எச் தாளில் பார்த்து, பிறகு விட வேண்டும். கூரைத் தண்ணீர் ஒரு துளியும் இந்தத் தொகுதிக்குள் வரக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை நீர் உள்ளே புகுந்து, மாதக்கணக்கில் வளர்ந்த சேறு முழுவதையும் ஒரே இரவில் ஓடையில் தள்ளியதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன்.

ஓடையில் விடாமல் உறிஞ்சு குழி வெட்டி மண்ணுக்குள் விட்டால் என்ன என்று நிச்சயம் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். நானே ஒரு காலத்தில் சொன்னவன். ஒரு சரிவில், நல்ல சிவந்த மண் என்று நம்பி, உறிஞ்சு குழி போதும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அடுத்த பருவமழையில் அந்தத் தண்ணீர் முப்பது அடி கீழே ஒரு குடும்பத்தின் குசினிச் சுவர் வழியே கசிந்து வந்தது. அவர்கள் என்னைத் திட்டவில்லை. சுவரைத் தொட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். சமதரையில் மண்ணுக்குள் போகும் தண்ணீர் கீழே போகும், சரிவில் போகும் தண்ணீர் பக்கவாட்டில் வெளியே வரும் என்ற எளிய விஷயத்தை நான் அந்தக் குசினியில்தான் உணர்ந்தேன். நாற்றத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. சரிவுக்குள் தினமும் தண்ணீர் ஏற்றுவது மண்ணின் பிடிமானத்தையே தளர்த்தும். 2014 அக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்குக் காரணம் பெருமழையும் அந்தச் சரிவின் தன்மையும்தான். எந்தத் தொழிலகமும் அல்ல. ஆனால் நீர் ஊறிய மலைச்சரிவு என்ன செய்யும் என்பதைப் பார்த்துவிட்ட நாம், தெரிந்தே ஒரு சரிவுக்குள் நீரை விடலாகாது. நுவரெலியா மாவட்டத்தில் கட்டடம் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆபத்து மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்பார்கள். அதற்கு விண்ணப்பிக்கும்போது கட்டடத்தை மட்டும் காட்டாமல், கழிவுநீர்த் தாங்கிகளையும் தண்ணீர் வெளியேறும் இடத்தையும் வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள்.

நிலம் ஓரளவு சமமாக இருந்து, புல் வளர்க்க ஆளும் இருந்தால் சுத்திகரித்த தண்ணீரைத் தீவனப் புல்லுக்குப் பாய்ச்சலாம். நீர்ப்பாசனத்துக்கு விடும் கழிவுநீருக்கு பீ.ஓ.டி எல்லை 250. ஓடைக்குரிய 30 உடன் ஒப்பிட்டால் நீங்கள் எட்டக்கூடியது. ஆனால் 30 பேர்ச்சில், மழை மாதங்களிலும் சேர்த்து, அது நடக்குமா என்பது எனக்குச் சந்தேகம். பக்கத்துப் புல் காணிக்காரர் ஒருவர் இணங்கினால் பேசிப் பாருங்கள். நானுஓயாவும் கொத்மலை ஓயாவும் போய்ச் சேரும் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் தலவாக்கலையில் இருப்பதும் நினைவிருக்கட்டும். நீர்த்தேக்க ஓரங்கள், அகன்ற ஆறுகளின் கரைகள், மண்ணரிப்புப் பிரதேசங்கள், வனங்களின் எல்லைகள் என்பவை 1993 ஆம் ஆண்டின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு ஒழுங்குவிதிகளில் தனிக் கவனத்துக்குரிய இடங்கள். உங்கள் அளவிலான தொழிலுக்கு அந்த மதிப்பீடு கேட்கப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனினும் அத்தகைய எல்லைக்குள் உங்கள் காணி விழுகிறதா என்பதை மாவட்ட அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சத்தம், புகை இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996 ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரவு என்பது மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை. பால் அதிகாலையில் வரும், குளிரூட்டி இரவெல்லாம் ஓடும். ஆகவே உங்களுக்கு 45 தான் கணக்கு. இயந்திரத்தை லயத்துக்கு எதிர்ப் பக்கச் சுவரில் வையுங்கள். விறகு கொதிகலன் வைப்பதாக இருந்தால் புகைபோக்கி பற்றி 2019 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. கொதிகலனைத் தொழில் திணைக்களத்திலும் பதிய வேண்டும். நம் பள்ளத்தாக்குகளில் காலைப் புகை மேலே போகாமல் பனியோடு கிடக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எத்தனை நாள் என்பதற்கு உறுதியான பதில் கிடையாது. என் அனுபவத்தில், கேட்டதெல்லாம் இணைத்த விண்ணப்பம் ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிந்திருக்கிறது. குறையோடு போனது ஒரு வருடமும் இழுத்திருக்கிறது. பரிசோதனைக் கட்டணம் உங்கள் முதலீட்டைப் பொறுத்தது, உரிமக் கட்டணம் வேறு. தொகைகள் திருத்தப்படுவதுண்டு என்பதால் கவுண்டரில் கேட்பதே சரி. யாரைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. பரிசோதனைக்கு வரும் உத்தியோகத்தர் உங்கள் வாசலுக்கு வருமுன் அல்லது போன பின், கீழே இறங்கி லயத்தில் இரண்டு பேரிடம் பேசுவார். நான் அப்படித்தான் செய்தேன். அவர் போவதற்கு முன் நீங்கள் போய்ப் பேசியிருக்க வேண்டும். “அண்ணே, இப்படி ஒரு வேலை ஆரம்பிக்கிறேன், தண்ணீர் இந்த வழியா வரும், நாறினா எனக்குப் போன் போடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தவருக்கு எதிராகக் கடிதம் போவது அபூர்வம். அவர்கள் குடிக்க எந்த ஊற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள் என்பதும் அந்தப் பேச்சில்தான் தெரியவரும். வரைபடத்தில் அது இருக்காது. உரிமம் கையிலிருந்தாலும், பொதுத் தொல்லை என்று யாராவது நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால் அதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

உரிமம் மறுக்கப்பட்டால், அறிவித்தல் கிடைத்த 30 நாட்களுக்குள் அமைச்சின் செயலாளருக்கு மேன்முறையீடு செய்யச் சட்டம் இடம் தருகிறது. அவருடைய தீர்மானம் முடிவானது. பெரும்பாலும் அதற்குத் தேவை வராது. குறையைச் சொல்லித் திருத்தி வரச் சொல்வார்கள். கிடைத்த உரிமத்தில் பின்பக்கம் இருக்கும் நிபந்தனைகளை, அதைக் கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டுமுன் வாசியுங்கள். கழிவுநீரை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்க வேண்டும் என்பது அங்குதான் இருக்கும். புதுப்பிப்புக்குக் காலாவதியாவதற்கு மூன்று மாதம் முன்னரே விண்ணப்பித்துவிடுங்கள்.

உங்கள் இடம் தகுமா தகாதா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. யோகட்டை மட்டும் செய்து, பனீரை ஓராண்டு தள்ளிப்போட்டால் தகும் வாய்ப்பு நிறையக் கூடும் என்று மட்டும் நினைக்கிறேன். தரை ஓடு பதிக்கும் ஆளிடம் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, வாளியையும் மணிக்கூட்டையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போங்கள். வாளி நிரம்பிய வினாடிகள், கீழ் மூலையிலிருந்து ஓடைக்கும் லயத்துக்கும் உள்ள தூரம், லயத்து ஆட்கள் தண்ணீர் எடுக்கும் இடம் ஆகிய மூன்றையும் குறித்து இங்கேயே எழுதினால் தாங்கியின் அளவைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.